இழுபடாத சவ்வு, நடக்கும் செல்

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர், நுண்ணோக்கியோடு 16 மி.மீ. படக் கருவியை இணைத்து மிகச் சிறிய படம் ஒன்றை எடுத்தார். ஒரு சொட்டு ரத்தம்தான் களம். சிவப்பணுக்கள் வட்ட வட்டமாகக் கிடக்கின்றன. நடுவே ஒரு வெள்ளையணு; அதற்குச் சற்று முன்னால் புள்ளிபோல ஒரு பாக்டீரியா. புள்ளி அலைக்கழிந்து நகர்கிறது. வெள்ளையணு அதன் பின்னாலேயே போகிறது. புள்ளி திரும்பினால் இதுவும் திரும்புகிறது. சிவப்பணுக்களை ஒதுக்கி, நெளிந்து, இடுக்கில் புகுந்து, கடைசியில் அந்தப் புள்ளியை எட்டிப் பிடித்து விழுங்கிவிடுகிறது. இன்றைக்கும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். இதுவரை பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பார்க்கிற எல்லோருக்கும் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான். இதற்குக் கண் இல்லை, மூளை இல்லை, எலும்பு இல்லை, காலும் இல்லை. எப்படி ஓடுகிறது? எதிரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது மோப்பம் பிடிக்கும் விதம் தனிக் கதை. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். டீ ஆறுவதற்குள் அந்தக் கால் சமாசாரத்தை மட்டும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்திருக்கிறோம்: அமீபா போலிக்காலை நீட்டி நகர்கிறது. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தக் கால் நீளும்போது என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், நம் மனதில் எழுவது பெரும்பாலும் தண்ணீர் நிரப்பிய பலூன்தான். வெளியே இழுபடும் தோல், உள்ளே திரவம். உள்ளிருக்கும் திரவம் ஒரு பக்கம் பாய்கிறது, அந்தப் பக்கத்துத் தோல் ரப்பர்போல நீண்டு கால் ஆகிறது. நன்றாகப் படித்தவர்களிடமும் இந்தப் படம் உண்டு. பலூனை வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் செல் நடப்பது புரியாது. ஆகவே முதலில் இந்த பலூனைக் கைவிட வேண்டும். அதற்குச் செல் சவ்வு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

சவ்வின் அடிப்படைப் பொருள் ஒரு வகைக் கொழுப்பு. பாஸ்போலிப்பிட் என்று பெயர். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீரோடு ஒத்துப்போகும். வால்கள் எண்ணெய்த் தன்மை கொண்டவை, தண்ணீரோடு சேராது. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் வால்களெல்லாம் தண்ணீர் படாத இடம் தேடி ஒன்றையொன்று நெருங்குகின்றன. அவற்றுக்கு வசதியான ஏற்பாடு ஒன்று உண்டு: இரண்டு அடுக்காக நிற்பது, வாலும் வாலும் உள்ளே பார்த்து, தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து. அப்படி நின்றாலும் விளிம்பில் இருக்கும் வால்களுக்குத் தண்ணீர் படும். அதனால் அந்த ஈரடுக்கு தட்டையாக நிற்காமல் வளைந்து, ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, தானே மூடிக்கொள்கிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று உலகம் இரண்டாகிவிட்டது. உயிர் தொடங்குவதற்கு இந்தப் பிரிவு வேண்டும். அதை ஏற்படுத்தித் தருவது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்கிற ஒரே காரணம்.

இந்த ஈரடுக்கின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் இப்படி 10,000 சவ்வுகளை அடுக்கிவிடலாம். சாதாரண நுண்ணோக்கியால் இதன் தடிமனைப் பார்க்கவே முடியாது. அப்படியிருக்க, இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1925இல் நெதர்லாந்தில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் செய்த சோதனை அது. அவர்கள் தேர்ந்தெடுத்தது சிவப்பணு. பாலூட்டிகளின் சிவப்பணுவுக்குள் உட்கரு இல்லை, வேறு சவ்வுப் பைகளும் இல்லை. அதிலிருக்கும் கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வின் கொழுப்புதான். மனிதர், நாய், ஆடு, முயல் என்று பலவற்றின் ரத்தத்தை எடுத்து, அணுக்களை எண்ணி, அசிட்டோனால் கொழுப்பைப் பிரித்து, அந்தக் கொழுப்பைத் தண்ணீரின் மேல் ஒரே ஓர் அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அது, அத்தனை அணுக்களின் மேற்பரப்பையும் கூட்டினால் வருவதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அப்படியானால் அணுவின் மேல் அது இரண்டு அடுக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை. அணுவின் மேற்பரப்பையும் அவர்கள் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக வந்தது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு கருணையான தற்செயல்கள் குறைவு.

இப்போது பலூனின் முதல் தவறுக்கு வருவோம். பலூனின் ரப்பர் திடப்பொருள். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். செல் சவ்வில் அப்படிப் பிணைப்பு ஏதும் இல்லை. ஒரு கொழுப்பு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதோடு கைகோத்து நிற்கவில்லை. இரண்டும் தண்ணீரிலிருந்து ஒதுங்கி ஒரே இடத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டி நுனியால் அதைக் கோடு கிழித்தால் விலகிப் போய் மறுபடி ஒன்றாகிவிடும். கிழிந்த தழும்பு இருக்காது. டீயின் மேல் படியும் ஆடை அப்படி இல்லை. அதைத் தொட்டால் சுருங்கும், இழுத்தால் கிழியும், கிழிந்தது கிழிந்ததுதான். சவ்வு என்றதும் நமக்கு ஆடைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்க்குச் சொந்தம். இரண்டு மூலக்கூறு உயரமே உள்ள ஒரு திரவம் அது.

இதை நேரில் காட்டியவர்கள் ஃப்ரை, எடிடின் என்ற இருவர், ஆண்டு 1970. மனிதச் செல் ஒன்றையும் எலிச் செல் ஒன்றையும் இணைத்து ஒரே செல்லாக்கினார்கள். மனிதச் சவ்வின் புரதங்களுக்கு ஒரு நிறச் சாயம், எலிச் சவ்வின் புரதங்களுக்கு இன்னொரு நிறம். இணைந்த உடனே பார்த்தால் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். 37 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடம் வைத்துப் பார்த்தபோது இரண்டு நிறமும் முழுவதும் கலந்திருந்தன. செல்லுக்குச் சக்தி தரும் வழிகளை அடைத்துவைத்தும் கலப்பது நிற்கவில்லை, குளிரவைத்தபோதுதான் நின்றது. யாரும் கலக்கிவிடவில்லை, வெப்பத்தின் அசைவே கலக்கியது என்று அர்த்தம். இரண்டு ஆண்டு கழித்து, 1972இல், சிங்கர், நிக்கல்சன் இருவரும் இதையெல்லாம் சேர்த்து இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கும் சித்திரத்தைத் தந்தார்கள்: கொழுப்புத் திரவம் பரந்திருக்கிறது, அதில் புரதங்கள் மிதக்கின்றன. கொழுப்பு மூலக்கூறுகளின் வேகம் இன்னும் அதிகம். ஒரு பாக்டீரியாவின் நீளத்தை ஒன்று சுமார் ஒரு விநாடியில் கடந்துவிடும்.

இரண்டாவது தவறுதான் பெரிது. நம்மில் அநேகமாக எல்லோரும் செய்வது; கொஞ்சம் நின்று பார்ப்போம். சவ்வு மெல்லியது, மென்மையானது, திரவம் வேறு. ஆகவே நன்றாக இழுபடும் என்று நினைக்கிறோம். இழுபடாது. ஒரு சவ்வின் பரப்பை 3, 4 சதவீதத்துக்கு மேல் விரிக்கப் பார்த்தால் அது உடைந்துவிடும். ரப்பரை இழுத்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் நிமிர்ந்து இடம் கொடுக்கின்றன. சவ்வில் சுருண்டு கிடப்பது எதுவும் இல்லை. இழுத்தால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத்தான் வேண்டும். விலகினால் நடுவே தண்ணீர் புகுந்து வால்களைத் தொடும். வால்கள் கூடி நின்றதே அந்தத் தண்ணீரைத் தவிர்க்கத்தானே? அதனால் கடைசிவரை எதிர்க்கின்றன, பிறகு ஓட்டை விழுகிறது. மாறாக, வளைப்பது மிகச் சுலபம். ஆக, இஷ்டப்படி வளையும், தனக்குள் ஓடும், ஆனால் நீளவே நீளாது. இப்படி ஒரு பொருளை நாம் கையில் எடுத்துப் பழகியதில்லை. மனம் பலூனைத் தேடிப் போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் நம் வெள்ளையணு கால் நீட்டும்போது அந்தக் காலுக்கு மேல்தோல் எங்கிருந்து வருகிறது? ஏற்கனவே கையிருப்பில் இருக்கிறது. ரோஜர்ஸ் படத்தில் ஓடிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் மடிப்பும் சுருக்கமுமாக இருக்கும். ஓர் உருண்டையை மூட எவ்வளவு சவ்வு தேவையோ அதைப்போல இரு மடங்குக்கும் சற்று மேலேயே அதனிடம் இருக்கிறது. நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் இந்த அணுவை உறிஞ்சி, மடிப்பெல்லாம் பிரியும்வரை நீளவிட்டு அளந்து இதைக் கண்டார்கள். இது தவிர உள்ளே சிறுசிறு சவ்வுக் குமிழிகளும் உண்டு. அவை வெளிச்சவ்வோடு வந்து இணைந்தால் அதன் பரப்பு கூடும். சிவப்பணுவும் இதே சேமிப்பில்தான் பிழைக்கிறது. அது உருண்டையாக இல்லாமல் தட்டையாக, நடுவில் குழிந்து இருப்பதால் உள்ளடக்கத்துக்குத் தேவையானதைவிடச் சவ்வு அதிகம். தன்னைவிடக் குறுகிய நுண்குழாயிலும் மடங்கி நுழைந்து போகிறது.

சரி, தோல் இருக்கிறது. அதை முன்னால் தள்ளுவது யார்? இங்கே ஒரு காலத்தில் சவ்வின் மேலேயே சந்தேகம் விழுந்தது. லண்டனில் மைக்கேல் அபர்கிராம்பி, செல்கள் நடப்பதை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பார்த்தவர். நடக்கும் செல்லின் மேல் துகள்களைத் தூவினால் அவை முன்னாலிருந்து பின்னால் போவதை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் கூட்டாளிகளும் கண்டார்கள். அதிலிருந்து ஓர் அழகான கருத்து பிறந்தது: செல் தன் முன்முனையில் புதுச் சவ்வைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, அது மேல்புறமாகப் பின்னோக்கி ஓடி, பின்னால் உள்ளே இழுக்கப்பட்டு, மறுபடி முன்னுக்கு வருகிறது, இந்தச் சுழற்சியே நடை. மார்க் பிரெட்ஷர் இதை வெகுவாக வளர்த்தெடுத்தார்.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. நடக்கும் நியூட்ரோஃபிலின் சவ்வுக் கொழுப்பில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, லேசர் கொண்டு குறுக்கே ஒரு கோட்டில் சாயத்தை வெளுக்கவைத்தார்கள். சவ்வு பின்னோக்கி ஓடினால் அந்த இருண்ட கோடும் பின்னால் போக வேண்டும். 1990இல் ஜேக்கப்சனும் குழுவினரும் வெளியிட்ட முடிவு: கோடு செல்லோடு சேர்ந்து முன்னேதான் போனது. அதே காலத்தில் ஷீட்ஸ் குழுவினரும் கொழுப்பின் ஓட்டம் துகள்களை அடித்துச் செல்லவில்லை என்று வேறு வழியில் காட்டினார்கள். துகள்கள் பின்னால் போனது பொய்யல்ல. அவை பற்றிக்கொண்டிருந்த சவ்வுப் புரதங்களை உள்ளிருந்து வேறொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. சவ்வு தள்ளவில்லை, தள்ளப்படுகிறது.

அந்த வேறொன்றின் பெயர் ஆக்டின். ஹங்கேரியின் செகெட் நகரில், சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில், ஸ்ட்ராப் என்ற இளைஞர் 1942இல் தசையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தசைக்கு மட்டும் உரியது என்று முதலில் எண்ணினார்கள். பின்னாளில் பார்த்தால் நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. தனியாக இருக்கும்போது சுமார் 5 நானோமீட்டர் அளவுள்ள மணி. மணிகள் சேர்ந்து இரண்டு சரம் முறுக்கிய இழையாகும். இழைக்கு முன், பின் உண்டு: ஒரு நுனியில் மணிகள் விரைவாகச் சேரும், மறு நுனியில் கழன்று விழும். நடக்கும் செல்லின் முன்விளிம்பில் இந்த இழைகள், விரைவாக வளரும் நுனியைச் சவ்வை நோக்கி வைத்து, அடர்ந்து நிற்கின்றன. ஏற்கனவே உள்ள இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரிக் கோணத்தில் புதுக் கிளை தொடங்கிவைக்க ஒரு புரதக் கூட்டமும் இருக்கிறது. நுனிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் ஒரு சிக்கல். இழையின் நுனி சவ்வைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. புது மணி சேர இடமே இல்லை. சவ்வைத் தள்ளினால்தான் மணி சேரலாம், மணி சேர்ந்தால்தான் சவ்வைத் தள்ளலாம். பெஸ்கின், ஓடெல், ஆஸ்டர் மூவரும் 1993இல் இதற்குச் சொன்ன விடை, நான் படித்தவற்றில் மிக அழகானவற்றுள் ஒன்று. உடல் வெப்பத்தில் எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதலில் சவ்வு ஓயாமல் நடுங்குகிறது, இழையின் நுனியும் வளைந்து நிமிர்கிறது. நடுங்கும்போது நுனிக்கும் சவ்வுக்கும் இடையே ஒரு கணம் இடைவெளி விழும். பெரும்பாலும் அது உடனே மூடிவிடும். சில சமயம் மூடுவதற்குள் ஒரு மணி வந்து பொருந்திவிடும். பிறகு சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இழை சுமார் 2.7 நானோமீட்டர் நீண்டுவிட்டது. சவ்வும் அவ்வளவு முன்னேறிவிட்டது. முன்னால் போவது நடுக்கத்தின் வேலை. பின்னால் வரவிடாமல் தடுப்பது ஆக்டினின் வேலை.

ஆக்டின் மணி ஒன்று சேர்ந்தால் 2.7 நானோமீட்டர் என்பது ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 10 மைக்ரான், அதாவது 10,000 நானோமீட்டர் நடக்கும் செல்லின் முன்விளிம்பில், சவ்வோடு ஈடுகொடுத்து வளரும் இழை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3,700 மணிகளைச் சேர்க்க வேண்டும். விநாடிக்கு 60. நியூட்ரோஃபிலின் உடம்பே 10 மைக்ரான் அளவுதான். ஒரு நிமிடத்தில் தன் உடல் நீளத்துக்கு நடந்துவிடுகிறது.

நடுக்கம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் நடை இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு மணியும் ஏடிபி என்ற மூலக்கூறை ஏந்திக்கொண்டு வருகிறது. உடம்பின் எல்லா வேலைக்கும் செலவாகும் எரிபொருள் அது. இழையில் சேர்ந்த பிறகு ஏடிபி உடைகிறது, இழையின் அந்தப் பகுதி முதுமையடைகிறது, வேறொரு புரதம் வந்து அதை வெட்டுகிறது, மணிகள் கழன்று மறுபடி முன்விளிம்புக்கு வருகின்றன. செலவு இருப்பதால்தான் நடை எப்போதும் ஒரே திசையில் போகிறது. செலவில்லாவிட்டால் சேர்வதும் கழல்வதும் சமமாகி, செல் நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் காகிதக் கணக்கா, உண்மையா? சாட்சி ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. மாசடைந்த உணவின் வழியே நோய் தரும் லிஸ்டீரியா, நம் செல்லுக்குள் புகுந்ததும் நம் ஆக்டினையே தன் முதுகுப்பக்கத்தில் வளரவைத்து, அந்த வால் தள்ளத் தள்ள ஓடுகிறது. டில்னி, போர்ட்னாய் இருவரும் 1989இல் இதை விவரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1999இல், பிரான்ஸில் மேரி-பிரான்ஸ் கார்லியரின் ஆய்வகம் செல்லையே விலக்கிவிட்டது. தூய்மையாக்கிய சில புரதங்கள், ஏடிபி, பாக்டீரியா, இவ்வளவுதான், பாக்டீரியா ஓடியது. இழுக்கும் தசைப் புரதம் அதில் இல்லை. தள்ளுவதற்கு ஆக்டின் வளர்வதே போதும்.

இன்னொரு சாட்சி மீன் செதிலில் இருக்கிறது. மீனின் செதிலை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தால் அதிலிருந்து பிறைவடிவச் செல்கள் வெளியேறி, வடிவம் மாறாமல் விரைந்து நகரும். 1984இல் யூட்டனாயர், ஷ்லிவா இருவரும் இந்தச் செல்களின் முன்பகுதியிலிருந்து பிரிந்த துண்டுகளைக் கவனித்தார்கள். அந்தத் துண்டுகளில் உட்கரு இல்லை. இருந்தும், அவை பிறைவடிவத்திலேயே நடந்துகொண்டிருந்தன. கொஞ்சம் ஆக்டின், அதைச் சுற்றிச் சவ்வு. நடப்பதற்கு இவ்வளவு போதும்.

தள்ளினால் மட்டும் நடை ஆகாது, ஊன்ற வேண்டும். கண்ணாடி மேல் நடக்கும் செல்லில், தரையில் பிடி இல்லாவிட்டால், ஆக்டின் முன்னால் சவ்வைத் தள்ளும்போது எதிர்விசையில் ஆக்டின் வலையே பின்னால் வழுக்கும். இன்டெக்ரின் என்ற புரதங்கள் இங்கே கைகொடுக்கின்றன. ஒவ்வொன்றும் சவ்வை ஊடுருவி நிற்கிறது: வெளிமுனை தரையைப் பிடிக்கும், உள்முனை இடைப் புரதங்கள் வழியே ஆக்டினைப் பிடிக்கும். பிடித்துக்கொண்டால் வலை நகராது; சவ்வுதான் முன்னேற வேண்டும். தெரியட், மிட்சிசன் இருவரும் 1991இல் மீன் செதில் செல்லில் பார்த்தது இதைத்தான்: செல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆக்டின் வலை தரையைப் பொறுத்து அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது, செல் அதன் மேல் கடந்து போகிறது. பின்பக்கத்தில் மயோசின் என்ற தசைப் புரதம் வலையைச் சுருக்கி, பிடிகளை விடுவித்து, உடம்பை முன்னால் கொண்டுவருகிறது.

சவ்வு திரவமாக இருப்பதன் அருமை இங்கே தெரியும். திடமான தோலில் இன்டெக்ரின்கள் பதிந்த இடத்தில் பதிந்தபடி இருக்கும். திரவத்தில் அவை மிதந்து வந்து, தேவையான இடத்தில் கூடி, வேலை முடிந்ததும் கலைகின்றன.

நம் பலூனுக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். உள்ளிருக்கும் திரவம் பாய்ந்து சவ்வைப் பிதுக்கி நகரும் செல்களும் உண்டு. வரிக்குதிரை மீனின் கருவில் இனப்பெருக்கச் செல்கள் அப்படிப் போகின்றன. சவ்வுக்குக் கீழே ஆக்டினால் ஆன ஒரு மெல்லிய உள்வலை எப்போதும் இருக்கும். ஓரிடத்தில் சவ்வு அதிலிருந்து விடுபட, மயோசின் உள்ளே அழுத்தம் கொடுக்க, அந்த இடம் கொப்புளமாகப் புடைக்கிறது. அப்போதும் சவ்வு ரப்பர்போல நீள்வதில்லை. மடிப்பிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஓடிவந்து நிரப்புகிறது.

இப்போது கடைசிப் படி, எனக்கு மிகப் பிடித்ததும்கூட. சவ்வு தள்ளவில்லை என்று பார்த்தோம். அப்படியானால் நடையில் அதற்கு வேறு வேலையே இல்லையா? முன்னால் ஒரு கால் நீள்கிறது. அதே நேரத்தில் இடப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று என்று பல கால்கள் நீண்டால் செல் எங்கும் போகாது. மற்ற இடங்களுக்கு ‘இப்போது வேண்டாம்’ என்று யாராவது சொல்ல வேண்டும். ஓரியன் வெய்னர் குழுவினர் நியூட்ரோஃபில்களில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, அதைச் சொல்வது சவ்வின் இறுக்கம் என்றது. ஓரிடத்தில் கால் நீண்டால் கையிருப்புச் சவ்வு செலவாகி முழுச் சவ்வும் இறுகுகிறது. இறுகிய சவ்வுக்கு எதிராக வேறெங்கும் புதுக் கால் கிளம்ப முடிவதில்லை. நன்றாக இழுபடும் சவ்வாக இருந்தால் இந்தச் சேதி போய்ச் சேராது. நீளாத பிடிவாதமே இங்கே தகவல் ஆகிறது.

இதற்கு ஒரு மறுப்பும் வந்தது. 2018இல் ஆடம் கோஹன் குழுவினர், செல்லின் சவ்வை ஓரிடத்தில் பற்றி இழுத்தால் அந்த இறுக்கம் பக்கத்துக்குக்கூடப் பரவவில்லை என்று காட்டினார்கள். உள்வலையோடு கட்டுண்ட புரதங்கள் சவ்வெங்கும் முளைக்குச்சிகளாக நின்று கொழுப்பின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. 2023இல் வெய்னர் குழுவினரும் கூட்டாளிகளும் இரண்டையும் பொருத்திக் காட்டினார்கள்: சவ்வை மட்டும் இழுத்தால் இறுக்கம் பரவாது, ஆக்டின் கால் நீட்டும்போதோ உள்வலை சுருங்கும்போதோ வலையும் சவ்வும் சேர்ந்து இழுபடுவதால், சில விநாடிகளில் செல்லின் மறுகோடிவரை பரவிவிடுகிறது. செல் தானாக நடக்கும்போது நிகழ்வது இந்த இரண்டாவது வகைதான்.

இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்பது சில சமயம் ஒரு குழந்தையின் தொப்புள்கொடியில் தெரியவரும். பிறந்த குழந்தைக்கு மிச்சக்கொடி வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். அது விழுவதற்கு வெள்ளையணுக்கள் அங்கே வந்து வேலை செய்ய வேண்டும். மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு வெள்ளையணுவின் இன்டெக்ரினில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைவதில்லை. திசுவின் இடுக்குகளில் நெருக்கி நுழைந்து போக வெள்ளையணுவுக்கு இன்டெக்ரின் கட்டாயமில்லை என்று 2008இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஓடும் ரத்தத்திலிருந்து வெளியே வர, குழாயின் சுவரை முதலில் இறுகப் பற்றியாக வேண்டும். அதற்கு இன்டெக்ரின் வேண்டும். அதனால் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும், புண்ணில் சீழே பிடிக்காது. அணுக்கள் நிறைய இருந்தும் வெளியே இறங்க முடியாமல் ரத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் மூன்று, நான்கு வாரமாகியும் விழாமல், தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால், குழந்தை மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். கடுமையான வகை என்று தெரிந்தால், நல்ல இன்டெக்ரின் கொண்ட வெள்ளையணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்றிவைத்துக் குணப்படுத்தவும் முடிகிறது.